அண்ணன் கொண்டுவந்த காற்றுப் பெட்டி

என் அண்ணன் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்ததை எல்லோரும் பரிசு என்றார்கள். அது என் கணவரின் கன்னத்தில் விட்ட அறை என்று எனக்கு மட்டும் தெரியும். பளபளக்கும் காகிதம் சுற்றிக் கொடுத்துவிட்டால் அறை இல்லையென்று ஆகிவிடுமா?

அதற்கு முந்தைய வருடம் அம்மாவின் கருமாதிக்கு வந்திருந்தபோதே இது தொடங்கிவிட்டது. காரை எடுக்கும் முன் என் கணவர் நாலு டயரையும் சுற்றிவந்து ஒவ்வொன்றுக்கும் ஓர் உதை விட்டு, "காத்து இருக்குது" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் காற்றை அளப்பது அப்படித்தான். மாமனாரும் அப்படித்தான் உதைப்பார், அவருடைய அப்பா மாட்டு வண்டிச் சக்கரத்தையும் உதைத்திருப்பார் என்று நினைக்கிறேன். அண்ணன் அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். அம்மா போய்ப் பத்து நாள்கூட ஆகவில்லை, அப்போதும் அவரால் சிரிக்க முடிந்தது. சிரித்ததோடு விட்டாரா என்றால் அதுவும் இல்லை. அடுத்த முறை வரும்போது, டயரில் எத்தனை பவுண்டு காற்று இருக்கிறதென்று உட்கார்ந்த இடத்திலேயே காட்டும் சாமான் ஒன்றை வாங்கிவந்து, வீடு நிறைய ஒறம்பரைச் சனம் உட்கார்ந்திருக்கும்போது நீட்டினார்.

"மாப்பிள்ளை இனிமேல் கால் நோவ ஒதைக்க வேண்டியதில்லைன்னு சொல்லு அம்மணி" என்றார், என்னைப் பார்த்து.

"உங்கண்ணனுக்கு ரொம்ப தேங்க்ஸுன்னு சொல்லிப்போடு" என்றார் என் கணவர், அவரும் என்னைப் பார்த்து.

இருவருக்கும் நடுவே ஒரு டீ மேசைதான் இருந்தது. ஆனால் அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. எங்கள் கல்யாணத்தன்று அண்ணனுக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று மாப்பிள்ளையோடு பந்தியில் உட்காராமல் கிளம்பிப் போய்விட்டார். அவ்வளவுதான். பெண்ணின் கூடப் பிறந்தவன், ஒரே மச்சான், இலையில் கைவைக்காமல் போனான் என்பது என் கணவரின் நெஞ்சில் அப்படியே நின்றுவிட்டது. அன்றிலிருந்து ஒருவருக்கு ஒருவர் சொல்வதெல்லாம் என் வழியாகத்தான் போகும். மரியாதைக்குக் குறைச்சலே இருக்காது. மூச்சுக்கு மூச்சு 'ங்க' போட்டுத்தான் ஒருவரை ஒருவர் குத்துவார்கள். எங்கள் பக்கத்தில் மரியாதை திடீரென்று கூடினால் உள்ளே ஏதோ புகைகிறது என்று அர்த்தம்.

அண்ணன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்வார். என் கணவர் எடுத்தால் குரலைக் கேட்டதும் ரிசீவரை மேசைமேல் படுக்க வைத்துவிட்டு, "இந்தா, உனக்குத்தான்" என்று நகர்ந்துவிடுவார். நான் சமையலறையிலிருந்து ஈரக் கையோடு ஓடிவந்து எடுப்பேன். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. பிறந்த வீடு என்று எனக்கு மிச்சமிருந்தது அந்த ரிசீவர்தான்.

அந்த முறை அண்ணன் வந்தது என் மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்த. கோபிக்கு அந்தப் பக்கம், வாய்க்கால் ஓரத்தில் எங்கள் குலதெய்வக் கோயில். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். ஒரு வயதில் செய்திருக்க வேண்டியது. இவர் அழைக்கமாட்டேன் என்று முறுக்கிக்கொள்ள, அவர் அழைக்காமல் வரமாட்டேன் என்று முறுக்கிக்கொள்ள, பாப்பாவுக்கு மூன்று வயது ஆகிவிட்டது. முடி இடுப்பைத் தொட்டது. பார்க்கிறவர்களெல்லாம் "இன்னும் காது குத்தலீங்களா?" என்று கேட்டுக் கேட்டு என் உயிரை வாங்கினார்கள். ஒருவழியாக நான் அழுது, சண்டை போட்டு, இரண்டு பக்கமும் சம்மதம் வாங்கி நாள் குறித்திருந்தேன். இந்த முறையும் முறித்துக்கொண்டு போனால் அண்ணன் இனி என் வாசலை மிதிக்கமாட்டார். அது எனக்குத் தெரியும், அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தும்தான் ஆடினார்கள்.

விசேஷத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, காலையில் போர்ட்டிகோவில் வைத்து அந்தச் சாமானை மாட்டினார்கள். டயரின் வால்வு வாயில் மூடி இருக்குமல்லவா, அதை எடுத்துவிட்டு அங்கே திருக வேண்டிய பெரிய மூடிகள் நாலு. அவற்றின் உள்ளே சின்ன ரேடியோ மாதிரி ஏதோ இருக்கிறதாம், காற்றின் அளவைச் சொல்லிக்கொண்டே இருக்குமாம். அதைக் கேட்டு எண்களைக் காட்ட ஒரு கறுப்புப் பெட்டி. அதைக் காருக்குள் ஒட்ட வேண்டும். எங்களுடையது பழைய கார், தகர டேஷ்போர்டு. அதன் நடுவில் மாமனார் மருதமலை அடிவாரத்தில் வாங்கிவைத்த முருகன் வேலோடு நின்றிருந்தார். "எந்தக் குழியில உழுந்தாலும் சாமி அசையறதில்ல பாத்துக்க" என்று காரில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் மாமனார் பெருமையாகச் சொல்வார். தினமும் காலையில் அந்த முருகனுக்கு ஒரு துண்டுப் பூ வைப்பதும் தூசி தட்டுவதும் என் வேலை. அண்ணன் பெட்டியை முருகனுக்குப் பக்கத்தில், உரசாத குறையாக ஒட்டினார். ஒட்டுவதற்கு முன் கும்பிட்டுக்கொண்டார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு பாடம் நடத்தினார். பெட்டியோடு ஒரு குட்டிக் காந்தம் கொடுத்திருந்தார்கள். அதைப் பெட்டியின் பக்கவாட்டில் வைத்தால் சிவப்பு விளக்கு மினுக்கும். அப்போது பெட்டி கற்றுக்கொள்கிறது என்று அர்த்தம். நாலு மூடியையும் வரிசையாகத் திருக வேண்டும். திருகி முடித்துக் காந்தத்தை எடுத்துவிட்டால், கற்றதை மனத்தில் வைத்துக்கொண்டு எண்களைக் காட்டும்.

திருகினார். காந்தத்தை எடுத்தார். சிவப்பு விளக்கு நிற்கவில்லை, மினுக்கிக்கொண்டே இருந்தது. எண் வரவேண்டிய இடத்தில் நாலு கோடு. மறுபடி திருகினார், மறுபடி எடுத்தார், மறுபடி நாலு கோடு.

"கத்துக்கிட்டே இருக்குது போல. உங்கண்ணனாட்டவே படிப்பாளிப் பொட்டி" என்றார் என் கணவர், தூணில் சாய்ந்துகொண்டு.

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. பக்கத்திலேயே நின்றவருக்குக் காது கேட்காதா என்ன?

அண்ணனின் முகம் சிவந்தது. புத்தகத்தில் தேடித் தேடிப் படித்தார். பக்கத்தில் வேறு காந்தம் ஏதாவது இருந்தால் பெட்டி கற்றுக்கொள்வதை நிறுத்தாது என்று போட்டிருந்தது. காரில் காந்தம் எங்கே இருக்கும்? ஸ்பீக்கரில் இருக்கும். அவ்வளவுதான், ஸ்குரூ டிரைவரை எடுத்தார். என் கணவர் ஆசை ஆசையாய் வாங்கி மாட்டிய ஸ்பீக்கர்களைக் கழற்றித் தரையில் கவிழ்த்தார். கேசட் செட்டையும் உருவினார். ஒயர்கள் குடல் சரிந்தாற்போலத் தொங்கின. சிவப்பு விளக்கு மினுக்கியது.

"அவுங்க ஊருல காருக்குள்ள பாட்டே கேக்கமாட்டாங்களான்னு கேளு."

"பாட்டு கேக்கறதுக்கு மொதல்ல ஊடு போய்ச் சேரணும்னு சொல்லு அம்மணி. காத்தில்லாத டயருல போனா நேரா மேலதான் போய்ச் சேரணும்."

"நீங்களே சொல்லிக்குங்க, எனக்கு அடுப்புல வேலை இருக்குது" என்று உள்ளே போய்விட்டேன். நான் போனதும் பேச்சே இல்லை. இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் காரைச் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

மத்தியானம் காந்திபுரத்தில் ஒரு கார் எலக்ட்ரிஷியனிடம் கொண்டுபோனோம். கணவர் ஓட்ட, நான் முன்சீட்டில், அண்ணன் பின்னால். நான் வராவிட்டால் எப்படிப் பேசிக்கொள்வது? எலக்ட்ரிஷியன் ஏறி உட்கார்ந்ததும் முருகனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு ஹாரனைக் கழற்றிப் பார்த்தார், பேட்டரி ஒயரைக் கழற்றி மாட்டினார். "வெளிநாட்டுச் சாமானுங்க. நம்மகிட்ட இதுக்கு வைத்தியமில்லீங்க" என்று கையை விரித்தார். வரும் வழியெல்லாம் என் கணவர் மெல்லச் சீட்டியடித்துக்கொண்டு வந்தார். பாட்டுத்தான் இல்லையே, சீட்டியாவது அடிக்க வேண்டாமா! எனக்கு அவரை ஒரு கிள்ளு கிள்ள வேண்டும்போல ஆத்திரமாக வந்தது.

மறுநாள் காலை இட்லிக்கு உட்கார்ந்தார்கள். விடிந்தால் காது குத்து. எதுவும் பேசாமல் தின்றுவிட்டு எழுந்திருந்தால் என்ன குறைந்துபோய்விடும்? என் கணவர் சட்னியைத் தொட்டுக்கொண்டே, "அங்க ஆரோ வேண்டாம்னு கழட்டி வீசுன சாமானா இருக்கும். காயிதம் மட்டும் புதுசாச் சுத்திக் கொண்டாந்திருப்பாங்க. உங்கண்ணனைக் கேட்டுப்பாரு" என்றார்.

அண்ணன் பாதி இட்லியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கை கழுவினார். மறுபடியும் பந்தியை விட்டுப் போகிற மச்சான்! இந்த முறை எழுப்பிவிட்டவர் மாப்பிள்ளையேதான். நான் அண்ணன் பின்னாலேயே மாடிக்கு ஓடினேன். துணிப் பெட்டியை எடுத்துக் கட்டிலில் போட்டு, சட்டைகளைத் திணித்துக்கொண்டிருந்தார்.

"ண்ணா, நாளைக்கு ஒரு நாளுங்ண்ணா. பாப்பாவுக்காக."

"டிக்கெட்ட மாத்திப்போட்டுக் கெளம்பறேன் அம்மணி. பழைய சாமான் விக்கறவன் மடி உம் புள்ளைக்கு எதுக்கு? நாற்காலியில உக்காரவெச்சுக் குத்திக்க."

சொன்னாரே! என்னைப் பார்த்துச் சொன்னாரே! சண்டை போட்டது இரண்டு ஆம்பிளைகள், நாற்காலியில் உட்காரப் போவது என் குழந்தை. "சரி, போங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிவந்து, அடுப்படியில் நின்று அழுதேன். அழுதுகொண்டே அண்ணனுக்குப் பிடித்த அரிசிம்பருப்புச் சோற்றுக்கு அரிசி களைந்தேன். வாசனை மாடிக்குப் போனால் ஒருவேளை இறங்கிவருவார் என்று ஒரு நப்பாசை.

அதை அடுப்பில் வைத்துவிட்டு, வாளியில் தண்ணீரும் துணியும் எடுத்துக்கொண்டு காரைத் துடைக்கப் போனேன். போகிறோமோ இல்லையோ, கோயிலுக்கு என்று சொன்ன வண்டி கழுவாமல் இருக்கக் கூடாது. வெளியே துடைத்தேன், உள்ளே துடைத்தேன். முருகனின் காலடியில் பழைய பூவும் சந்தனமும் அப்பிக் கிடந்தன. மற்ற நாளில் மேலாகத் தட்டிவிட்டுப் புதுப் பூ வைப்பேன். விடிந்தால் விசேஷம், நன்றாகக் கழுவிவைப்போம் என்று பிடித்துத் தூக்கினேன். வரவில்லை. இழுத்தேன். சடக்கென்று பெயர்ந்து கையில் வந்தார்.

பெட்டி கீச்சென்று கத்தியது. சிவப்பு விளக்கு அணைந்தது. நாலு கோடும் போய் நாலு எண் வந்தன. இருபத்தெட்டு, இருபத்தெட்டு, இருபத்தேழு, பதினாறு.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. முருகனைப் பழைய இடத்தில் வைத்தேன். கப்பென்று ஒட்டிக்கொண்டார். சிவப்பு விளக்கு மினுக்கியது, நாலு கோடு வந்தது. எடுத்தேன், எண் வந்தது. தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். பீடத்தின் அடியில் வட்டமாக, கறுப்பாக, ஒரு காந்தம். எந்தக் குழியில் விழுந்தாலும் அசையாத சாமி! ஸ்பீக்கரைப் பிடுங்கினார்கள், ஹாரனைக் கழற்றினார்கள், என் தாய்வீட்டையே அறுத்துப்போட இருந்தார்கள். கண்ணுக்கு எதிரில் நின்றவரைக் கும்பிட்டார்களே தவிர, அவரும் ஒரு காந்தம்தான் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

எனக்கு வந்த கோபத்தில் போர்ட்டிகோவில் நின்று கத்தினேன். "ரெண்டு பேரும் எறங்கி வாங்க! இப்ப வரலீன்னா இந்தப் பொட்டியப் பேத்து ரோட்டுல வீசிப்போடுவேன்!" தெருவில் போன கீரைக்காரி நின்று பார்த்தாள். பார்க்கட்டும்.

வந்தார்கள். மாமனாரும் வந்தார். முருகனை வைத்தேன், எடுத்தேன். வைத்தேன், எடுத்தேன். பிறகு பீடத்தின் அடியைத் திருப்பி அவர்கள் முகத்துக்கு நேராகக் காட்டினேன். காற்றுக் குறைந்து பதினாறு என்று காட்டியது வலது பக்கப் பின் டயர். அன்று காலையில்தான் பேப்பர் எடுக்கப் போனபோது என் கணவர் அதை ஓர் உதை விட்டு, "காத்து இருக்குது" என்று சொல்லியிருந்தார். அண்ணன் காது கேட்கவே சொல்லியிருந்தார். என் கணவரை நேராகப் பார்த்தேன். அவர் டயரைப் பார்த்தார்.

பிறகு அண்ணனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. "மாப்பிள்ளை" என்றார். என்னை அல்ல, அவரை! "மாப்பிள்ளை, சாமிக்கு நம்ம பொட்டி மேல இத்தனை கோவமுங்களா?"

என் கணவரும் சிரித்துவிட்டார். "எங்கப்பனக் கேளுங்க மச்சான். அவருதான் மருதமலையில புடிச்சுட்டு வந்தது."

ஐந்து வருடம் கழித்து நேருக்கு நேராக ஒரு பேச்சு! முருகா, நீ நன்றாக இருக்க வேண்டும் என்று கையிலிருந்தவரிடமே சொன்னேன்.

அந்தச் சந்தோஷம் அடுப்பில் வைத்த குக்கர் ஒரு சத்தம் போடும் நேரம்கூட நீடிக்கவில்லை. அண்ணன் என் பக்கம் திரும்பினார். "ஏன் அம்மணி, தெனமும் நீதான சாமிக்குப் பூ வெக்கறது? அடியில காந்தம் இருக்குதுன்னு உனக்குத் தெரியாதா? மொதல்லயே சொல்லியிருந்தா இத்தனை வம்பு வந்திருக்குமா?"

"அவளுக்கு எங்கீங்க மச்சான் அதெல்லாம் ரோசனை போகுது" என்றார் என் கணவர். "கத்தத்தான் தெரியும். தெருவே கேட்டுப்போச்சு."

மாமனார் தன் பங்குக்கு, "ஆரைக் கேட்டுச் சாமியப் புடுங்குன?" என்றார்.

மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். முருகனை மாமனார் கையில் கொடுத்தேன். சாமி இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்று மாமனார் சொல்லிவிட்டார். மச்சானும் மாப்பிள்ளையும் கலந்து பேசிப் பெட்டியைப் பெயர்த்து ஓட்டுகிறவரின் கைப்பக்கம், ஓரமாக ஒட்டினார்கள். பின் டயருக்குக் காற்றடித்து வருகிறோம் என்று இருவரும் கிளம்பினார்கள். நான் முன்சீட்டின் கதவருகே போய் நின்றேன், வழக்கம்போல. அண்ணன் என்னைத் தாண்டி வந்து ஏறி உட்கார்ந்தார். "நீ எதுக்கு அம்மணி வெயில்ல? சித்தெ நேரத்துல வாரோம்."

பொழுது சாயும் நேரத்துக்கு வந்தார்கள். அரிசிம்பருப்பு ஆறிக் கட்டியாகிக் கிடந்தது. இருவர் வாயும் பீடாவில் சிவந்திருந்தது. அவிநாசி ரோட்டில் ஒரு மெஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்களாம். "மாப்பிள்ளை உடவே மாட்டேன்னுட்டாரு" என்றார் அண்ணன். கல்யாணப் பந்தியில் காலியாகக் கிடந்த இலைக்குக் கணக்குத் தீர்ந்தது. தீர்ந்தது நல்லதுதான். ஆனால் எனக்கு வயிறு எரிந்தது. அந்தச் சோற்றை எடுத்து மாட்டுக்கு வைத்தேன்.

மறுநாள் என் மகள் தாய்மாமன் மடியில் உட்கார்ந்தாள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசினார்கள். குத்தும்போது வீலென்று அலறி மாமன் சட்டையைக் கடித்தாள். அண்ணன் கண்கலங்கினார். நான் எதற்காக இத்தனை பாடுபட்டேனோ அது நடந்தது. என் நெஞ்சு நிறைந்திருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். போகும்போதும் வரும்போதும் முன்சீட்டில் அண்ணன். மில்லைப் பற்றி, மஞ்சள் விலையைப் பற்றி, அமெரிக்காவில் பனி அள்ளுவதைப் பற்றி இருவரும் ஓயாமல் பேசினார்கள். பின்னால் மாமனாருக்கும் குழந்தைக்கும் நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் கேட்டுச் சொல்ல அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

பெட்டி ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை, செத்துப்போனது. மூடிகளை எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். என் கணவர் பழையபடி உதைக்கத் தொடங்கினார். அடுத்த முறை வந்தபோது அண்ணனும் மறுபக்கத்து டயரை ஓர் உதை விட்டு, "காத்து இருக்குதுங்க மாப்பிள்ளை" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போன் இன்றும் வருகிறது. முன்பைவிட அடிக்கடி வருகிறது. என் கணவர் ஓடிப்போய் எடுக்கிறார். "சொல்லுங்க மச்சான்" என்பார், சிரிப்பார், நெடுநேரம் பேசுவார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நான் கூடத்துக்கு வருவதற்குள் ரிசீவர் அதன் இடத்தில் இருக்கும்.

"உங்கண்ணன் நல்லா இருக்காராம். உன்னையக் கேட்டாரு" என்பார்.

"என்ன கேட்டாரு?" என்பேன்.

"கேட்டாருன்னா கேட்டாரு, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து போவார்.